முகத்துவாரத்தில் ஒன்பதடிப் பள்ளம்

ஓய்வு பெற்றோர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டு இரண்டு பேர் மாத்தூரில் என் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் புதிய அளவைப் படகில் வேலை செய்பவர்கள். அந்தப் படகின் அடியில் ஒரு கருவி இருக்கிறது. படகு போகப் போகத் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் தரை முழுவதும் திரையில் வண்ணப்படமாக விரிகிறது. ஆழம் நீலம், மேடு சிவப்பு. கைபேசியில் அந்தப் படத்தைக் காட்டினார்கள். எண்ணூர் முகத்துவாரத்தின் அடித்தரையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பல வருடங்கள் அதற்கு மேலேதான் எனக்கு வேலை. தொட்டிருக்கிறேன், பார்த்ததில்லை.

"நீங்க எல்லாம் கயிறு விட்டு அளந்தீங்களாமே, அத எழுதுங்க சார்" என்றார்கள்.

கருவி வந்ததில் எனக்கு வருத்தம் கிடையாது. கயிறு உள்ளங்கையைக் கிழிக்கும். உப்புத்தண்ணீர் பட்டால் அந்தக் கிழிசல் ஆறாது. கருவிக்கு அந்தத் தொந்தரவு இல்லை. ஆனால் அவர்கள் படத்தைக் காட்டியபோது நான் அதில் ஒரு பள்ளத்தைத் தேடினேன். அது அங்கே இருக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் விரலால் படத்தை நகர்த்தி நகர்த்தித் தேடினேன். எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

நான் வியாசர்பாடியில் பிறந்தவன். எட்டாம் வகுப்பின் பாதியில் பள்ளிக்கூடம் முடிந்தது. யாரும் நிறுத்தவில்லை, நான்தான் போகவில்லை. பேசின் பிரிட்ஜ் யார்டில் கரி அள்ளினேன். ராயபுரத்தில் மீனுக்கு ஐஸ் உடைத்தேன். அதில் கால்விரல் நகம் இரண்டு போயின. திருவொற்றியூரில் ஒரு லேத்துப் பட்டறையில் இருந்தேன். லாரியில் கிளீனராக விசாகப்பட்டினம் வரை போய், அங்கேயே சில காலம் தங்கினேன். திரும்பி வந்து துறைமுகத்தில் கப்பல்களுக்குத் துரு சுரண்டினேன். தொட்டிக்குள் மூச்சு முட்டி ஒருவன் என் பக்கத்திலேயே விழுந்து செத்துப்போனான். எந்த வேலையும் என்னை விரட்டியதில்லை. ஒரு நாள் காலையில் எழுந்தால் கால் வேறு பக்கம் போகும், அவ்வளவுதான்.

அப்படிப் போன கால்தான் என்னை அளவைப் படகில் கலாசியாகக் கொண்டுபோய் விட்டது. கலாசி என்றால் கயிறு, நங்கூரம், துடுப்பு, டீ எல்லாவற்றுக்கும் ஓடுகிறவன். நிலைக்க மாட்டேன் என்று படகோட்டி நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வேலை இதுதான். முகத்துவாரத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஒரு நீளக் கயிற்றை விறைப்பாகக் கட்ட வேண்டும். இரண்டு கரையிலும் அதற்கென்று நட்ட கம்பம் உண்டு. கயிற்றில் முப்பதடிக்கு ஒரு தகரத் துண்டு தொங்கும். படகை அந்தக் கயிற்றைப் பிடித்தே நகர்த்திக்கொண்டு போய், ஒவ்வொரு தகரத்துக்கும் கீழே ஈயக்குண்டை இறக்க வேண்டும். குண்டின் கயிற்றில் அடிக்கு ஒரு துணி முடிச்சு. குண்டின் அடியில் சின்னக் குழி இருக்கும். அதில் கிரீஸ் அப்பி இறக்கினால் கீழே இருப்பது மணலா, சேறா, சிப்பியா என்று ஒட்டிக்கொண்டு வரும். கடல் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நடுவில் தண்ணீர் அசையாமல் நிற்கும் கொஞ்ச நேரம் உண்டு. வற்றி நிற்கும் அந்த நேரத்துக்குள் கரைக்குக் கரை முடித்தாக வேண்டும். கயிறு செங்குத்தாக நிற்கும் நொடியில் படிக்க வேண்டும். சாய்ந்தால் ஆழம் கூடிவிடும்.

சர்வேயர் கங்காதரன் சார் படகின் நடுவில் ஒரு மரப்பெட்டி மேல் கறுப்புக் குடையோடு உட்கார்ந்திருப்பார். ஒல்லியான மனிதர். கலாசியைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். முதல் நாள் நான் குண்டை இறக்கி "மூணு" என்று கத்தினேன். அவர் எழுதவில்லை. என் முகத்தைப் பார்த்து "மூணு" என்றார். நான் விழித்தேன்.

"மூணுதானே? ஆமான்னு சொல்லுங்க, எழுதறேன்."

"ஆமா சார்."

அப்போதுதான் பென்சில் தாளில் பட்டது. ஒவ்வொரு புள்ளிக்கும் அப்படித்தான். நான் சொல்ல வேண்டும், அவர் திருப்பிச் சொல்ல வேண்டும், நான் ஆமா என்க வேண்டும். ஒரு தடவை எனக்கே சந்தேகம் வந்து "மூணு... மூணரை மாதிரி" என்று இழுத்தேன். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடுங்க எத்திராஜ். மறுபடி போடலாம். தண்ணி எங்கயும் போயிடாது" என்றார்.

அதுவரை நான் பார்த்த வேலைகளில் என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லை யாரும் திருப்பிச் சொன்னதில்லை. கேட்டதாகவே காட்டிக்கொண்டதில்லை. இந்த மனிதர் என் எண்ணைத் தன் வாயால் ஒரு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார். அன்றைக்கே ஓடிப்போகும் எண்ணம் விட்டுப்போனது. சம்பளத்துக்காக நின்றேன் என்று சொன்னால் பொய்.

கணக்கு எப்படிப் போடுகிறார் என்று ஒரு நாள் டீக்கடையில் கேட்டேன். மறைக்கவில்லை. தாளில் கரையையும் புள்ளிகளையும் வரைந்து, புள்ளிகளைக் கோட்டால் சேர்த்தார். இரண்டு புள்ளிக்கு நடுவில் விழுகிற ஒவ்வொரு துண்டும் ஒரு சரிவகம் என்றார். முதல் ஆழத்திலும் கடைசி ஆழத்திலும் பாதி, நடுவில் இருப்பதெல்லாம் முழுசு. எல்லாவற்றையும் கூட்டி இடைவெளியால் பெருக்கினால் முகத்துவாரத்தின், அதாவது வாயின், குறுக்குப் பரப்பு வந்துவிடும். நமக்குக் கரையோரத்தில் ஆழம் சைபர். சைபரில் பாதியும் சைபர், அதனால் நடுவில் இருப்பதைக் கூட்டினால் போதும்.

"இதுல ஒண்ணு மறக்கக் கூடாது. ரெண்டு புள்ளிக்கு நடுவுல தரை எப்படி இருக்குன்னு நமக்குத் தெரியாது. தெரியாததாலதான் நேர்கோடு போடறோம். கோடு வேற, தரை வேற. தரை கிண்ணம் மாதிரி இருந்தா நம்ம கணக்கு உள்ளதவிடக் கொஞ்சம் கம்மியாத்தான் காட்டும். அது தெரிஞ்ச தப்பு. தெரிஞ்ச தப்பால ஆபத்து இல்ல."

நான் தலையாட்டினேன். அதன் முழு அர்த்தம் எனக்குப் புரிந்தது பின்னால்தான்.

வடக்குக் கரைக் கம்பம் அஞ்சலையின் வீட்டை ஒட்டி இருந்தது. அங்கே ஆடு கயிற்றைக் கடிக்காமலும், உள்ளே வரும் படகுக்குக் கயிற்றைத் தளர்த்தி விடவும் ஓர் ஆள் தேவை. அந்தக் கூலிக்கு அஞ்சலையை வைத்திருந்தார்கள். புருஷன் கடலுக்குப் போன படகு திரும்பவில்லை. அவள் தம்பி தேசப்பனின் பைபர் படகுதான் அந்த வீட்டுக்குச் சோறு. அவன் கொண்டுவரும் மீனைக் கூடையில் சுமந்து விற்பவள் அவள்.

நான் எண்ணைக் கத்துவேன். சார் திருப்பிச் சொல்வார். கரையிலிருந்து மூன்றாவதாக அவள் குரல் வரும். சார் மாதிரியே மூக்கால், நிதானமாக: "மூணூ... மூணுதானே? ஆமான்னு சொல்லுங்கோ!" படகோட்டி சிரித்துவிடுவார். சாரும் குடைக்குள் சிரிப்பார்.

"இன்னாயா வியாசர்பாடி, நீ கயித்த இஸ்க்கிறியா, கயிறு உன்ன இஸ்துகினு வர்தா?" என்பாள் நான் கரை சேர்ந்ததும்.

"ரெண்டும்தான்."

"தெனம் இந்தக் கலீஜ் தண்ணில குண்டு போட்டுப் போட்டு இன்னாத்த தேட்ற? ஒண்ணும் வுழுந்துடலயே?"

"வுழுந்துட்ச்சி. எடம் தெரில."

"அப்ப போட்டுகினே இரு."

இதற்கு மேல் நாங்கள் பெரிதாக ஒன்றும் பேசிக்கொண்டதில்லை. ஆனால் வேலை இல்லாத நாளிலும் நான் பஸ் ஏறி அந்தக் கரைக்குப் போக ஆரம்பித்தேன். மீன் குழம்பு எனக்கும் சேர்த்து வைக்கப்படும். தேசப்பன் என்னை "மாமு" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான். அக்கா புருஷனைக் கூப்பிடுவது போன்ற அந்தப் பேச்சு குப்பத்தில் யாருக்கும் கோபம் வரவழைக்கவில்லை. வியாசர்பாடிக்காரனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அந்த வருடம் மழை ஓய்ந்ததும் கடல் மணலைத் தள்ளி வாயை ஏறக்குறைய அடைத்துவிட்டது. உள்ளே இருக்கும் படகு வெளியே போக முடியவில்லை. போனாலும் எஞ்சினின் இறக்கை மணலில் அடித்து உடைந்தது. கடல் தண்ணீர் போதுமான அளவு உள்ளே வராததால் இறாலும் வரவில்லை. தேசப்பனின் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து மணலில் கிடந்தது. அஞ்சலை கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தாள். குப்பத்தில் உலை வைக்காத வீடுகள் இருந்தன. குழம்பு இல்லாத நாளில் எனக்கு வெறும் சோறு வைத்தாள். நான் சாப்பிட்டேன். அவள் சாப்பிட்டாளா என்று கேட்கவில்லை.

மணல் அள்ளும் டிரெட்ஜர் ஒன்று பக்கத்திலேயே, கப்பல்கள் வரும் வழியில் வேலையை முடித்து நின்றிருந்தது. அதை இழுத்துப்போக இழுவைப் படகு வர இருந்தது. மேலே இருந்தவர்கள் ஒரு எல்லை வைத்திருந்தார்கள். வற்றிய நேரத்தில் வாயின் பரப்பு அறுநூற்றைம்பது சதுர அடிக்குக் கீழே இருந்தால் டிரெட்ஜர் இங்கே வரும். மேலே இருந்தால் வாய் திறந்திருக்கிறது என்று அர்த்தம், டிரெட்ஜர் வேறு ஊருக்குப் போய்விடும். அளந்து மறுநாள் மத்தியானத்துக்குள் கணக்கைக் கொடுக்கச் சொன்னார்கள்.

காலை வற்றலில் கயிறு கட்டினோம். குப்பமே கரையில் நின்றது. இருநூற்று நாற்பதடி அகலம். நான் குண்டை இறக்கினேன். ரெண்டு. மூணு. மூணு. எல்லாம் இடுப்பு உயரத் தண்ணீர்தான். அஞ்சலை உற்சாகமாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாலாவது தகரத்தில் குண்டு நிற்கவில்லை. கயிறு என் கையில் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஒம்போது" என்றேன்.

சார் உடனே திருப்பிச் சொல்லவில்லை. "மறுபடி போடுங்க."

மறுபடியும் ஒன்பது. அவர் "ஒம்போது" என்றார். நான் ஆமா என்றேன். கரையில் அவள் குரல் வரவில்லை.

மீதி மூணு, ரெண்டு, ரெண்டு. சார் பெட்டி மேல் உட்கார்ந்து கூட்டினார். இருபத்து நாலு. முப்பதால் பெருக்க எழுநூற்று இருபது, எல்லைக்கு மேலே.

தேசப்பன் முழங்கால் தண்ணீரில் நடந்தே படகுக்கு வந்துவிட்டான். "இன்னா சார் இது நாஸ்தி? என் போட்டு மணல்ல குந்திகினு கீது. உன் பேப்பர்ல தண்ணி ஓடுதா?"

"அந்த எடத்துல என்ன இருக்கு தேசப்பன்?"

"ஒடஞ்ச தூணு கீது. எந்தக் காலத்துலயோ பாலமோ இன்னாவோ கட்றேன்னு வந்தவன் அட்ச்சிட்டுப் போனது. அத்த சுத்தித் தண்ணி சுழிச்சிப் பள்ளம் பறிச்சிட்ச்சி. நண்டு குந்துற பள்ளம் சார்! ஒரு போட்டு அகலம்கூடக் கெடையாது."

சார் தாளைத் திருப்பி எங்கள் எல்லோருக்கும் தெரியும்படி வரைந்தார். ஒன்பதடி ஒரே ஒரு புள்ளி. ஆனால் கணக்கு அந்தப் பள்ளத்தின் அடியிலிருந்து இந்தப் பக்கத்துத் தகரத்துக்கு ஒரு கோடு, அந்தப் பக்கத்துத் தகரத்துக்கு ஒரு கோடு போடுகிறது. நண்டு உட்காரும் பள்ளம் அறுபதடி அகல வாய்க்காலாக விரிந்துவிட்டது. அங்கே மட்டும் மூணு என்று விழுந்திருந்தால் மொத்தம் ஐந்நூற்று நாற்பதுதான்.

"அப்ப கயித்த நாலடி தள்ளிக் கட்டு சார். பள்ளம் தப்பிச்சிடும்."

"பள்ளத்தப் பார்த்துட்டுக் கயித்த நகர்த்தினா அது அளவு இல்ல தேசப்பன். அது ஆசை. நாளைக்கு இன்னொருத்தன் வந்து, பள்ளம் இல்லாத எடத்துல பள்ளம் தேடி நகர்த்துவான். அவன நான் தடுக்க முடியாது."

"அப்ப எங்க பொயப்பு?"

சார் தாளில் இரண்டு புள்ளிக்கு நடுவில் இன்னொரு புள்ளி வைத்தார். "இடைவெளியப் பாதியாக்கலாம். அந்த எடத்துல மட்டும் இல்ல, கரைக்குக் கரை எல்லா எடத்துலயும். பதினஞ்சடிக்கு ஒரு புள்ளி. அது குறையுமோ கூடுமோ எனக்குத் தெரியாது. எது வந்தாலும் அதத்தான் எழுதுவேன். சரியா?"

வேறு வழி இல்லாததால் கலைந்தார்கள்.

சாயங்கால வற்றலுக்குள் கயிற்றில் புதிய தகரங்கள் கட்ட வேண்டும். மத்தியான வெயிலில் அஞ்சலை வீட்டு நிழலில் உட்கார்ந்தோம். அவள் எண்ணெய் டின்னை வெட்டித் துண்டாக்கினாள். நான் துளை போட்டுக் கட்டினேன்.

"பாதி போட்டும் கணக்கு ஜாஸ்தியா வந்துட்ச்சின்னா?" என்றாள்.

"தெரில."

"குண்டு உன் கைலதான கீது."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் டின்னையே பார்த்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு எடத்துல ஒரு அடி கொறச்சிச் சொன்னா இன்னாயா ஆயிடும்? தண்ணிக்குள்ள எவன் எட்டிப் பாக்கப்போறான்?"

"சார் திருப்பிச் சொல்வாரு."

"சொல்லட்டுமே. நீ ஆமான்னு சொல்லு."

"அதான் முடியாது."

"ஏன் முடியாது? உன் வாயி, உன் ஆமா."

எனக்கு விளக்கத் தெரியவில்லை. இப்போதும் சரியாகத் தெரியவில்லை. அந்தப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தவர் என் சொல்லை எடுத்துத் தன் சொல்லாக்கிக்கொள்பவர். அதில் நான் ஒன்றைக் கலந்துவிட்டால், அதுவரை நான் சொன்ன எல்லா மூணும் எல்லா ரெண்டும் என்னவாகும் என்று தோன்றியது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது? உலை வைக்காத வீட்டின் நிழலில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"டிரெட்ஜரு கெடைக்கலன்னா?" என்றாள்.

"கெடைக்கலன்னா கெடைக்கல."

வெட்டிய தகரத்தையெல்லாம் என் பக்கம் தள்ளிவிட்டு அவள் எழுந்து உள்ளே போனாள். கடைசித் தகரம் வரை நான் தனியாகத்தான் கட்டினேன்.

சாயங்காலம் கம்பத்தின் பக்கத்தில் அவள் நின்றாள். கயிற்றை ஒழுங்காகப் பிடித்தாள், தளர்த்த வேண்டிய இடத்தில் தளர்த்தினாள். ஒரு எண்ணையும் திருப்பிச் சொல்லவில்லை. நான் கத்த, சார் சொல்ல, நான் ஆமா சொல்ல, அதன் பிறகு வரவேண்டிய குரல் வராமல் தண்ணீர் மட்டும் படகின் பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. புதிய புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒண்ணு, ரெண்டு, மூணு. பள்ளத்துக்கு இந்தப் பக்கம் பதினைந்தடியில் மூணு. நடுவில் அதே ஒன்பது. அந்தப் பக்கம் பதினைந்தடியில் மூணு. கடைசியில் மீண்டும் ரெண்டு, ரெண்டு, ஒண்ணு.

கூட்டல் நாற்பத்தொன்று. பதினைந்தால் பெருக்க அறுநூற்றுப் பதினைந்து.

கரையில் சத்தம் கிளம்பியது. தேசப்பன் படகைப் பிடித்து ஆட்டினான். "வந்துட்ச்சி! மாமு, வந்துட்ச்சிடா!"

சார் தலையை ஆட்டினார். "இன்னும் இல்ல. நாளைக்குக் காலைல இன்னொரு தடவை பாதியாக்கணும்."

"சார்! வந்துட்ச்சே, வுடேன் சார்! உனுக்கு இன்னா பேஜாரு?"

"ஒரு தடவை பாதியாக்கினதுக்கே நூத்தஞ்சு நகர்ந்திருக்கு. அவ்வளவு நகர்ற எண்ண எப்படி நம்பறது? மறுபடி பாதியாக்கியும் அது அங்கேயே நின்னா, அப்பத்தான் அது தரைக்குப் பக்கத்துல வந்துட்டதுன்னு அர்த்தம். நாளைக்கு மேலிடத்துல யாராவது கேள்வி கேட்டா எனக்குப் பதில் வேணும். எனக்காக இல்ல, உங்க வாய்க்காகத்தான்."

குப்பம் அன்று சாரைத் திட்டிக்கொண்டே தூங்கப் போயிருக்கும். மறுநாள் காலையில் ஏழரை அடிக்கு ஒரு புள்ளி. தகரம் போதாமல் துணி கட்டியிருந்தோம். தண்ணீர் நிற்கும் நேரம் முடிவதற்குள் முடிக்க என் இரண்டு உள்ளங்கையும் கிழிந்தன. அவள் அப்போதும் வாய் திறக்கவில்லை. கணக்கு அறுநூற்றேழரை வந்தது. நூற்றைந்து நகர்ந்த எண், இந்த முறை ஏழரைதான் நகர்ந்தது.

"நின்னுடுச்சு" என்றார் சார். கையெழுத்துப் போட்டார். மூன்று அளவுகளையும், உடைந்த தூணையும், எதையும் மறைக்காமல் எழுதித்தான் கொடுத்தார். மேலே ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

டிரெட்ஜர் வந்தது. மணலை அள்ளியது, அந்த உடைந்த தூணையும் பிடுங்கிக் கரையில் போட்டது. தூண் போனதும் சுழி போனது. சுழி போனதும் பள்ளம் தூர்ந்துவிட்டது. கடல் உள்ளே வந்த அன்று தேசப்பனின் படகு தானாக நிமிர்ந்தது. முதல் நாள் பிடித்த மீனைக் கொண்டுவந்து சாரின் பெட்டி மேல் கொட்டினான். சைவக்காரரான சார் சிரித்துக்கொண்டே காலை மடக்கிக்கொண்டார்.

நான் வடக்குக் கரைக்குப் போனேன். அஞ்சலை கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இப்ப சந்தோசம்தான?" என்றேன்.

"சந்தோசம்தான். நல்ல மன்சன் உங்க சாரு."

"அப்ப இன்னா கோவம்?"

"கோவம் இல்ல. பாதி போட்டதால வாயி தெறந்துச்சி. பாதி போட்டும் கணக்கு ஜாஸ்தியா வந்துருந்தா நீ ஆமான்னு சொல்லிட்டு போட்டுல ஏறிப் போயிருப்ப. போயிருப்பியா, மாட்டியா?"

நான் குனிந்து என் உள்ளங்கைக் கிழிசலைப் பார்த்தேன்.

"ஒரு நாளு நான் தண்ணில வுழுந்தாலும் எத்தினி அடில வுழுந்தான்னு எண்ணிகினு நிப்ப" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதற்குப் பிறகு குழம்பு இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. இருக்கிறது என்று அவளும் சொல்லவில்லை.

அளவைப் படகைத் தூத்துக்குடிக்கு அனுப்பினார்கள். போக விருப்பமா என்று சார் கேட்டார். கால் வேறு பக்கம் போகும் என்று சொன்னேனே, அப்போதும் போனது. பிறகு காக்கிநாடா. பிறகு பல வாய்கள், பல கரைகள். எல்லாக் கரையிலும் கம்பத்துக்குப் பக்கத்தில் யாரோ ஒருவர் நின்றார்கள். யாரும் திருப்பிச் சொன்னதில்லை. எண்ணூருக்கு வேலையாக மறுபடி வந்த காலங்களில் நான் தெற்குக் கரை வேலையையே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒலியை வைத்து ஆழம் பார்க்கும் பெட்டி வந்த பிறகு கயிறே தேவைப்படவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். நேரம் கிடைக்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன். கங்காதரன் சார் ஓய்வு பெற்று, சில வருடங்களில் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போதும் கடையில் சில்லறை எண்ணிக் கொடுக்கும்போது, கடைக்காரர் திருப்பிச் சொல்வார் என்று ஒரு நொடி என் கை நிற்கிறது.

அந்தப் படத்தில் பள்ளத்தைத் தேடிய மறுநாள் மாத்தூரில் பஸ் ஏறினேன். மணலியில் இறங்கி, மாறி, முகத்துவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். தண்ணீர் வற்றி அசையாமல் நின்ற நேரம். வடக்குக் கரையில் ஒருவன் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தான். நெஞ்சு முடியெல்லாம் நரைத்திருந்தது.

"யாரு? ஐய... மாமு! உசுரோட கீறியா நீ?"

"கீறேன்."

"குந்து, குந்து. ஆளே இளைச்சிட்ட."

உட்காரவில்லை. வீட்டை ஒட்டிக் கம்பம் நின்றிருந்தது. கயிறு தேய்த்த பள்ளம் அதன் கழுத்தில் அப்படியே இருந்தது.

"இது இன்னாத்துக்கு இன்னும் கீது?"

"எத்தினியோ வாட்டி புடுங்கப் போனேன். அக்கா வுடல. வலை காயப்போட ஓணுமாம்." தேசப்பன் எதிர்ப் பக்கம் கையைக் காட்டினான். வலைகளெல்லாம் சாலை ஓரக் கம்பி வேலியில் காய்ந்துகொண்டிருந்தன. "உள்ள நண்டு ஆய்ஞ்சிகினு கீது. கூப்டவா?"

"வாணாம்."

கம்பத்தில் கையை வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தேன். தண்ணீரின் நிறத்தை வைத்து ஆழம் சொல்வது பழக்கம். மனதுக்குள் சொல்வதாக நினைத்து வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"அஞ்சு."

வீட்டுக்குள் பாத்திரத்தில் நண்டு ஓடு விழும் சத்தம் நின்றது.

"அஞ்சு இல்ல" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வயதான குரல்தான். ஆனால் அதே குரல். "தையிலேர்ந்து மண்ணு ஏறிகினே கீது. நாலு."

"நாலு" என்று நான் திருப்பிச் சொன்னேன். சொல்லிவிட்டு, கம்பத்தை விடாமல் நின்றேன்.

உள்ளே நண்டு ஓடு மறுபடி பாத்திரத்தில் விழுந்தது.

"ஆமா" என்றாள் அஞ்சலை.